பைலட் சுடருக்கான பொதுவகைத் தெர்மோகப்பிள்: வாங்குவதற்கு முன்னும் பின்னும்

எரிவாயு வாட்டர் ஹீட்டரின் பைலட் சுடர் (பிரதான பர்னரைப் பற்றவைப்பதற்காக எப்போதும் எரியும் சிறு சுடர்) பற்றவைத்ததும் ஒழுங்காக எரிந்து, குமிழிலிருந்து கையை எடுத்த மறுகணமே அணைந்துபோனால், பெரும்பாலானவர்கள் முதலில் சந்தேகிப்பது, அந்தச் சுடர் எரிகிறதா என்பதை வெப்பத்தால் உணரும் தெர்மோகப்பிளைத்தான். அந்தச் சந்தேகம் பல நேரங்களில் சரியாகவும் இருக்கிறது. சாதனத்துக்கென்றே தயாரான அசல் பாகம் கிடைக்காதபோது, அல்லது பழைய மாடல் என்பதால் அதன் உற்பத்தியே நின்றுபோனபோது, ‘யுனிவர்சல்’ என்ற பெயரில் விற்கப்படும் பொதுவகைத் தெர்மோகப்பிள் தொகுப்பு கைகொடுக்கிறது. தொட்டி வகை வாட்டர் ஹீட்டர் ஒன்றிலும், சுவரில் பொருத்திய ரூம் ஹீட்டர் ஒன்றிலும் இத்தொகுப்பைப் பொருத்திப் பயன்படுத்திப் பார்த்த பிறகே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாகம் தரமானது, செய்ய வேண்டிய வேலையைக் குறைவின்றிச் செய்கிறது. ஆனால் அதனோடு வரும் விளக்கத்தாள், பைலட் அணைவதற்குத் தெர்மோகப்பிள் ஒன்றே காரணம் என்று கருதிக்கொண்டு எழுதப்பட்டிருக்கிறது. சுடரை உற்றுப் பார்க்காமலும், பழைய தெர்மோகப்பிளை அளந்து பார்க்காமலும் இதை வாங்குகிறவர்களில் பலர், நல்ல பாகத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு இன்னொரு நல்ல பாகத்தைப் பொருத்தி, கோளாறு அப்படியே தொடர்வதைக் கண்டு திகைப்பார்கள். ஆகவே தொகுப்பின் தரத்தைப் பற்றிச் சொல்வதோடு, இதை வாங்கும் தேவை உண்மையிலேயே இருக்கிறதா என்பதை எப்படித் தீர்மானிப்பது என்பதையும் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

பெட்டிக்குள் 900 மில்லிமீட்டர் நீளமுள்ள தெர்மோகப்பிள் ஒன்றும், அதன் நுனியைப் பைலட் பிடிப்பானில் நிறுத்துவதற்கு வெவ்வேறு வடிவங்களில் சில கிளிப்புகளும், எரிவாயு வால்வில் இணைப்பதற்கு வெவ்வேறு மரை அளவுள்ள நட்டுகளும், பக்கவாட்டில் பிளவுள்ள நட்டு ஒன்றும் இருக்கின்றன. நட்டுகளில் 8, 9, 10 மில்லிமீட்டர் மெட்ரிக் மரைகளோடு அங்குலக் கணக்கிலான மரையும் அடங்கியிருப்பதால், பெரும்பாலான வீட்டுச் சாதனங்களின் வால்வுகளுக்கு இவற்றில் ஏதேனும் ஒன்று பொருந்திவிடும். உலோக வேலைப்பாட்டில் குறை சொல்ல எதுவும் இல்லை. மரைகள் சுத்தமாக வெட்டப்பட்டிருக்கின்றன. தாமிர உறை கையால் வளைக்கும்போது நசுங்காமல் வளைகிறது. வால்வுப் பக்க முனையில் இருக்கும் சிறிய தொடுபுள்ளியும் அதைச் சுற்றியுள்ள மின்காப்பு வாஷரும் நடுப்பிசகாமல் அமைந்திருக்கின்றன.

தெர்மோகப்பிள் வேலை செய்யும் விதம் தெரிந்துவிட்டால் கோளாறைத் தேடுவது வெகுவாக எளிதாகிவிடும். வெவ்வேறு உலோகங்களாலான இரண்டு கம்பிகளை ஒரு முனையில் இணைத்து, அந்த இணைப்பை மட்டும் சூடாக்கினால், குளிர்ந்திருக்கும் மறுமுனைகளுக்கிடையே சிறிய மின்னழுத்தம் தோன்றும். தாமஸ் சீபெக் 1821இல் கண்டறிந்த இந்த விளைவுதான் பைலட் சாதனங்கள் அனைத்துக்கும் அடிப்படை. சுடரில் நன்றாகச் சூடேறிய நுனி தருவது ஏறத்தாழ 25 முதல் 30 மில்லிவோல்ட் வரைதான். டார்ச் விளக்கின் ஒற்றை பேட்டரி தரும் 1.5 வோல்ட்டில் இது ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் போகாது. இந்தச் சின்னஞ்சிறு மின்சாரம் எரிவாயு வால்வுக்குள் இருக்கும் மின்காந்தத்துக்குச் செல்கிறது. அந்த மின்காந்தத்துக்கு வால்வைத் தானே இழுத்துத் திறக்கும் வலு கிடையாது. நாம் குமிழை அழுத்தித் திறந்த வால்வை, ஸ்பிரிங் மூடிவிடாதபடி பிடித்துக்கொள்ள மட்டுமே அதனால் முடியும். பற்றவைத்த பிறகு குமிழை அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை அழுத்திப் பிடிக்கச் சொல்வது, நுனி போதுமான அளவு சூடேறுவதற்காகத்தான்.

சுடர் அணைந்தால் நுனி ஆறும்; மின்சாரம் குறையும்; மின்காந்தம் பிடியை விடும்; ஸ்பிரிங் வால்வை மூடும். தெர்மோகப்பிள் பழுதானாலும் இதுவேதான் நடக்கும். அதாவது இந்தப் பாகம் கெட்டுப்போகும்போதும் எரிவாயுவை நிறுத்தும் பக்கமாகவே கெடுகிறது. ஆகையால் பைலட் அணையாமல் நிலைக்கவில்லை என்பதற்காகக் குமிழைக் குச்சியாலோ ஒட்டும் நாடாவாலோ அழுத்தி நிறுத்திவைப்பது மிக ஆபத்தான செயல். அப்படிச் செய்த சாதனத்தில் ஒரு காற்று வீச்சில் சுடர் அணைந்தாலும் பைலட் குழாய் வழியாக எரிவாயு கசிந்துகொண்டே இருக்கும். தொகுப்பின் விளக்கத்தாளில் இதைப் பற்றி ஒரு வரியாவது பெரிய எழுத்தில் இருந்திருக்க வேண்டும். அது இல்லாதது எனக்கு வருத்தம்தான்.

பழுது பார்க்கத் தொடங்கும் முன் மோந்து பார்ப்பது முதல் வேலை. எல்.பி.ஜி.யில் உள்ள புரொப்பேன் காற்றைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கும், பியூட்டேன் ஏறத்தாழ இரண்டு மடங்கும் கனமானவை. கசிந்தால் தரையோடு படியும். ஆகவே நின்றபடி மோந்தால் போதாது, குனிந்து தரையருகே மோந்து பார்க்க வேண்டும். குழாய்வழி இயற்கை எரிவாயு காற்றைவிட இலேசானது என்பதால் மேலே கூரைப் பக்கம் சேரும். வாடை இருந்தால் எதையும் பற்றவைக்கக் கூடாது. மின்விளக்கின் சுவிட்சைக்கூடத் தொடாமல், சிலிண்டரையோ பிரதான வால்வையோ மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேறி, உரியவர்களை அழைக்க வேண்டும். வாடை இல்லாவிட்டாலும், அணைந்த பைலட்டை மீண்டும் பற்றவைப்பதற்கு முன் குமிழை ‘ஆஃப்’ நிலையில் வைத்து ஐந்து நிமிடமாவது காத்திருப்பது அவசியம். புரொப்பேன் காற்றில் ஏறத்தாழ 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளக்கூடியது. மூடிய எரியறைக்குள் அந்த அளவு சேர்வதற்கு அதிக நேரம் பிடிக்காது.

இனி சுடருக்கு வருவோம். தெர்மோகப்பிளை வாங்குவதா வேண்டாமா என்ற கேள்விக்கான விடை பெரும்பாலும் இங்கேயே கிடைத்துவிடுகிறது. ஆரோக்கியமான பைலட் சுடர் நீல நிறத்தில், ஆடாமல் அசையாமல், தெர்மோகப்பிள் நுனியின் மேற்பகுதியை ஏறத்தாழ 10 முதல் 13 மில்லிமீட்டர் வரை தழுவி நிற்கும். அந்தப் பகுதி மங்கிய செந்நிறத்தில் கனலலாம். பளீரென்று மஞ்சள் கலந்த வெண்மையாகக் கனன்றால் சூடு அளவுக்கு மீறுகிறது என்று பொருள், அதனால் பாகத்தின் ஆயுள் குறையும். சுடர் இப்படி ஒழுங்காக இருந்தும் கையை எடுத்ததும் அணைகிறது என்றால்தான் தெர்மோகப்பிளின் மீதோ, வால்வின் மின்காந்தத்தின் மீதோ பழி சுமத்தலாம்.

சுடர் மஞ்சளாக, சோம்பலாக, நுனி வளைந்து மேல்நோக்கி நெளிந்தால் அதற்குப் போதிய காற்று கிடைக்கவில்லை. பைலட் பர்னரின் பக்கத்தில் காற்று நுழைவதற்காக இருக்கும் சிறிய துளையில் தூசும் நூலிழைகளும் அடைந்திருக்கும். சாதனம் நெடுநாள் பயன்படாமல் கிடந்திருந்தால் சிலந்தி வலையும் இருக்கக்கூடும். மஞ்சள் சுடர் கரியைப் படியவைக்கும். கரி படிந்த நுனி சரியாகச் சூடேறாது. இந்த நிலையில் புதிய தெர்மோகப்பிளைப் பொருத்தினால் கொஞ்ச நாளைக்கு நன்றாக இருப்பதுபோல் தோன்றும். புதிய நுனியிலும் கரி படிந்ததும் பழைய கதை திரும்பிவிடும். பாகத்தின் தரத்தைக் குறை கூறி எழுதப்படும் புகார்களில் ஒரு பகுதியாவது இப்படிப்பட்ட சுடர்களால் விளைந்தவை என்பது என் கணிப்பு.

சுடர் நீலமாகவே இருந்து, ஆனால் சிறுத்து, தெர்மோகப்பிளை எட்டாமல் நின்றால் எரிவாயு குறைவாக வருகிறது. முதல் காரணம் பைலட் ஜெட்டின், அதாவது எரிவாயு வெளிவரும் நுண்துளை முனையின், அடைப்பு. எல்.பி.ஜி.க்கான ஜெட்டின் துளை கால் மில்லிமீட்டரையொட்டிய அளவுதான். இயற்கை எரிவாயுவுக்கானது அதைவிடச் சற்றுப் பெரியது. அவ்வளவு நுண்ணிய துளையில் ஒரு துகள் சிக்கினாலே சுடர் பாதியாகிவிடும். இதைச் சுத்தம் செய்ய ஆல்கஹாலில் ஊறவைத்து அழுத்தக் காற்றால் ஊதினால் போதும். ஊசியையோ கம்பியையோ உள்ளே நுழைப்பது பரவலான பழக்கம். அது தவறான பழக்கம். துளை சற்றே பெரிதானாலும் எரிவாயுவின் அளவு கூடி, சுடர் தன் வடிவத்தை இழந்துவிடும், பிறகு ஜெட்டையே மாற்ற வேண்டியிருக்கும். இரண்டாவது காரணம் அழுத்தக் குறைவு: ரெகுலேட்டர் பழுது, ஏறக்குறையக் காலியான சிலிண்டர், அல்லது குளிர். பியூட்டேன் பூச்சியம் டிகிரி செல்சியஸுக்குச் சற்றுக் கீழேயே கொதிநிலையை எட்டிவிடுகிறது. எனவே கடுங்குளிரில் பியூட்டேன் மிகுந்த சிலிண்டர் நிறைந்திருந்தாலும் ஆவி போதுமான அளவு வராது. புரொப்பேனின் கொதிநிலை ஏறத்தாழ மைனஸ் 42 டிகிரி என்பதால் அதற்கு இந்தச் சிக்கல் எளிதில் வருவதில்லை.

சுடர் ‘உஸ்’ என்ற ஓசையோடு ஜெட்டை விட்டு விலகி எரிந்தால் அழுத்தம் மிகுதி, அல்லது எரிவாயு வகைக்குப் பொருந்தாத ஜெட். இதை வீட்டில் சரிசெய்ய முயலாமல் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நல்லது.

சுடரின் தோற்றத்தைப் போலவே, அது அணையும் நேரமும் நிறையச் சொல்லும். கையை எடுத்ததும் அணைந்தால் மின்சுற்றில் கோளாறு. சில மணி நேரம் எரிந்து, காற்றடிக்கும் வேளைகளில் மட்டும் அணைந்தால் புகைபோக்கி வழியாகக் கீழ்நோக்கி வரும் காற்றே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். பிரதான பர்னர் பற்றும்போதெல்லாம் பைலட் சுருங்கி அணைந்தால், பர்னர் திறக்கும் நொடியில் அழுத்தம் விழுகிறது என்று கொள்ளலாம். ரெகுலேட்டரையும் குழாயின் விட்டத்தையும் சரிபார்க்க வேண்டும். பர்னர் தாமதமாக, ‘பொத்’தென்ற சத்தத்தோடு பற்றி அந்த வீச்சில் பைலட் அணைந்தால், பர்னரின் துளைகளில் துரு அடைந்திருக்கும். தொட்டியில் குளிர்ந்த நீரை நிரப்பிய உடனே முதல்முறை சூடேற்றும்போது சொட்டுச் சொட்டாக நீர் விழுந்து சீறுவதும் உண்டு. எரிபுகையிலுள்ள நீராவி குளிர்ந்த தொட்டியின் அடியில் பட்டுச் சொட்டுகிறது. அது கசிவும் அன்று, பழுதும் அன்று. தண்ணீர் சூடேறியதும் நின்றுவிடும். இந்த நிலைகளில் எதற்கும் தெர்மோகப்பிள் மருந்தாகாது.

புகைபோக்கியைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். புகை மேலே போகாமல் அறைக்குள் திரும்பினால் பைலட் அணைவது சிறிய தொல்லை. பெரிய ஆபத்து கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமோ மணமோ கிடையாது. பர்னர் சில நிமிடங்கள் எரிந்த பிறகு, ஹீட்டரின் மேலே புகைபோக்கி தொடங்கும் திறப்பருகே அணைத்த தீக்குச்சியின் புகையையோ ஊதுபத்தியின் புகையையோ காட்டினால் அது உள்ளே இழுக்கப்பட வேண்டும். வெளியே தள்ளப்பட்டால் சாதனத்தை உடனே நிறுத்திவிட்டு, புகைபோக்கியைச் சரிசெய்யும் வரை பயன்படுத்தாமல் இருக்க வேண்டும். எரிவாயுச் சாதனம் உள்ள எந்த வீட்டிலும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்று இருப்பது, எந்த உதிரிப்பாகத்தையும்விட முக்கியமான செலவு என்றே கருதுகிறேன்.

சுடர் சரியாக இருக்கிறது, கையை எடுத்தால் அணைகிறது என்று உறுதியான பின் மல்டிமீட்டரை எடுக்கலாம். மில்லிவோல்ட் அளவைக் காட்டக்கூடிய சாதாரண மல்டிமீட்டரே போதும். தெர்மோகப்பிளின் நட்டை வால்விலிருந்து கழற்றி, ஒரு முள்ளைத் தாமிர உறையிலும் மற்றொன்றைக் கடைசியில் உள்ள தொடுபுள்ளியிலும் வைத்து, குமிழை அழுத்தியபடியே பைலட்டை ஒரு நிமிடம் எரியவிட வேண்டும். 25 மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டினால் பாகம் நன்றாக இருக்கிறது. 20க்குக் கீழே நின்றால் சந்தேகத்துக்குரியது. 10ஐயொட்டி இருந்தால் மாற்றியே ஆக வேண்டும். என் வாட்டர் ஹீட்டரில் இருந்த பழைய பாகம் நுனியைத் துடைத்து நேராக நிறுத்திய பிறகும் 11 மில்லிவோல்ட்டைத் தாண்டவில்லை. அதே சுடரில், அதே இடத்தில் இத்தொகுப்பின் தெர்மோகப்பிள் 28 மில்லிவோல்ட் காட்டியது. வால்வில் இணைத்த பிறகு மின்காந்தத்தின் சுமையால் இந்த அளவு ஏறத்தாழப் பாதியாகக் குறைவது இயல்பு. அதைக் கண்டு யாரும் கலங்க வேண்டியதில்லை.

பழைய பாகமே 25 மில்லிவோல்ட்டுக்கு மேல் தந்தும் பைலட் நிற்கவில்லை என்றால், இணைப்பின் தொடுபுள்ளியில் அழுக்கு இருக்கிறதா என்று பார்த்து, மென்மையான துணியால் துடைத்து மறுபடி பொருத்திப் பார்க்க வேண்டும். அதன் பிறகும் நிற்காவிட்டால் குறை வால்வின் பக்கம். பல வாட்டர் ஹீட்டர்களின் வால்வுக்குள், தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் இந்த மின்சுற்றைத் துண்டிக்கும் பாதுகாப்பு உருகி ஒன்று இருக்கும். அது ஒருமுறை துண்டித்துவிட்டால், வால்வையே மாற்றுவதைத் தவிர வேறு வழி இராது. ஏன் அளவுக்கு மீறிச் சூடானது என்பதையும் அப்போது கண்டறிய வேண்டும்.

பொருத்தும் வேலைக்கு அதிகக் கருவிகள் தேவையில்லை. சரியான அளவுள்ள ஸ்பேனர் ஒன்று போதும். எரிவாயுவை மூடி, பர்னர் ஆறிய பிறகு, பழைய பாகத்தைப் பைலட் பிடிப்பானிலிருந்து உருவி எடுத்து, அதன் நுனி எவ்வளவு உயரத்தில் நின்றது என்பதைக் குறித்துக்கொள்வது நல்லது. புதியதும் அதே உயரத்தில் நிற்க வேண்டும். இத்தொகுப்பின் கிளிப்புகளில் ஒன்று வாட்டர் ஹீட்டரின் பிடிப்பானில் இறுக்கமாகவே அமர்ந்தது. ரூம் ஹீட்டரில் பிடிப்பானின் துளை சற்றுப் பெரிது. கிளிப் அமர்ந்தாலும் விரலால் தட்டினால் நுனி இலேசாக அசைந்தது. அங்கே பிளவுள்ள நட்டுதான் உதவியது. தெர்மோகப்பிளின் உடலைச் சுற்றி அதைச் செருகி இறுக்கியதும் அசைவு நின்றது. பொதுவகைப் பாகங்களின் உண்மையான பலவீனம் இந்தப் பிடிமானத்தில்தான் இருக்கிறது. அசல் பாகத்தின் கச்சிதம் இதில் வராது. நுனி ஓரிரு மில்லிமீட்டர் கீழிறங்கினாலும் சுடர் தழுவ வேண்டிய பகுதி மாறிவிடும் என்பதால், கிளிப்பை மட்டும் நம்பாமல் பொறுமையாகச் சரிபார்க்க வேண்டும்.

வால்வுப் பக்க இணைப்பில் நிகழும் தவறு ஒன்றைத் தனியாகக் குறிப்பிட விரும்புகிறேன். எரிவாயுக் குழாயின் இணைப்பு என்று எண்ணிக்கொண்டு, கசிந்துவிடக் கூடாதே என்ற அக்கறையில் பலர் நட்டை முழு பலத்தோடு முறுக்குகிறார்கள். தெர்மோகப்பிளின் தாமிரக் குழாயில் எரிவாயு ஓடுவதில்லை, மின்சாரம் ஓடுகிறது. அளவுக்கு மீறி முறுக்கினால் தொடுபுள்ளியைச் சுற்றியுள்ள மின்காப்பு வாஷர் நசுங்கி, மின்சுற்று குறுக்கே இணைந்து, புத்தம் புதிய பாகம் அங்கேயே வீணாகிவிடும். கையால் முறுக்கி இறுகிய பின் ஸ்பேனரால் கால் சுற்று போதும். இதே காரணத்தால் இந்த மரையில் டெஃப்ளான் நாடாவும் சுற்றக் கூடாது. மசையும் தடவக் கூடாது. அருகிலுள்ள பைலட் எரிவாயுக் குழாயைக் கழற்ற நேர்ந்திருந்தால் மட்டும், மீண்டும் இணைத்த பிறகு சோப்புநீர் தடவி நுரைக்குமிழிகள் வருகின்றனவா என்று பார்ப்பது கட்டாயம்.

நீளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தெர்மோகப்பிளை வெட்டிக் குறைக்க முடியாது. உறைக்குள் மின்காப்போடு இன்னொரு கடத்தி செல்வதால் வெட்டிய பாகம் குப்பைக்குத்தான் போகும். எஞ்சிய நீளத்தை அகலமான வளையமாகச் சுருட்டி, பர்னரின் சூடு படாத இடத்தில் வைக்க வேண்டும். கூர்மையாக மடித்தால் உள்ளே மின்காப்பு சிதையும். 900 மில்லிமீட்டர் என்பது என் வாட்டர் ஹீட்டருக்குப் பொருத்தமாகவும், ரூம் ஹீட்டரின் குறுகிய அறைக்குத் தொல்லை தரும் அளவு நீளமாகவும் இருந்தது. இதே தொகுப்பு 600 மில்லிமீட்டரிலும் கிடைப்பதால், வாங்கும் முன் பழைய பாகத்தை நூலால் அளந்து, அதற்கு மிக நெருங்கிய பெரிய அளவை வாங்குவது புத்திசாலித்தனம்.

பொருத்தி முடித்ததும் வாட்டர் ஹீட்டரின் பைலட் அரை நிமிட அழுத்தத்திலேயே அணையாமல் நிலைத்துவிட்டது. அதன் பிறகு செய்த முக்கியமான சோதனை, வேண்டுமென்றே பைலட்டை அணைத்துப் பார்ப்பது. எரிவாயுவை மூடி, சுடர் அணைந்ததும் காதைக் கூர்ந்து வைத்துக்கொண்டு காத்திருந்தால், மின்காந்தம் விடுபடும் ‘டிக்’ என்ற ஓசை கேட்க வேண்டும். இத்தொகுப்பில் அந்த ஓசை ஒரு நிமிடத்துக்குள்ளாகவே கேட்டது. சாதனத்தின் கையேட்டில் குறித்த நேரத்துக்குள் அந்த ஓசை வராவிட்டால், பைலட் எவ்வளவு அழகாக எரிந்தாலும் அந்தச் சாதனத்தைப் பயன்படுத்தக் கூடாது. பாகத்தை மாற்றியவர்களில் பெரும்பாலானோர் சுடர் அணையாமல் நிலைத்ததைப் பார்த்த மகிழ்ச்சியில் இந்தச் சோதனையை விட்டுவிடுகிறார்கள். தெர்மோகப்பிளின் முதற்கடமை அணைந்தபோது எரிவாயுவை நிறுத்துவது என்பதால், இதைச் செய்யாமல் வேலை முடிந்ததாகக் கொள்ள முடியாது.

இத்தொகுப்பைப் பொருத்தக் கூடாத சாதனங்களும் உண்டு. பெட்டியின் மேல் அவற்றைத் தெளிவாக அச்சிடாதது இதன் பெருங்குறை. புகைபோக்கி இல்லாத சில ரூம் ஹீட்டர்களில், அறைக் காற்றில் ஆக்சிஜன் குறைந்தால் தானாக அணையும்படி பைலட் வடிவமைக்கப்பட்டிருக்கும். காற்றில் இயல்பாக 21 சதவீதமாக உள்ள ஆக்சிஜன் ஏறத்தாழ 18 சதவீதத்துக்கு இறங்கும்போது சுடர் தெர்மோகப்பிளை விட்டு விலகிவிடும், வால்வு மூடிக்கொள்ளும். அங்கே ஜெட், பர்னர், தெர்மோகப்பிள் மூன்றும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துப் பொருத்தியவை. அதில் பொதுவகைப் பாகத்தைச் செருகினால் அந்தப் பாதுகாப்பே குலைந்துபோகும். அவ்வகை ஹீட்டர் அடிக்கடி அணைகிறது என்றால், முதலில் ஜன்னலைத் திறந்து அறையின் காற்றோட்டத்தைக் கவனிக்க வேண்டும். மாற்றுவதானால் தயாரிப்பாளரின் முழுப் பைலட் தொகுதியையே மாற்ற வேண்டும்.

பைலட்டின் மின்சாரத்தைக் கொண்டே தெர்மோஸ்டாட்டையும் பிரதான வால்வையும் இயக்கும் கணப்புகளில் இருப்பது தெர்மோபைல். பல தெர்மோகப்பிள்களை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்த அது தடித்த நுனியும் இரண்டு கம்பிகளும் கொண்டது. சில நூறு மில்லிவோல்ட் தரும். அதற்கு இது மாற்றாகாது. தீப்பொறியால் தானாகப் பற்றும் புதிய சாதனங்களில் பீங்கான் உறையிலிருந்து நீளும் வெறும் உலோகக் கம்பி சுடரை உணர்கிறது; அது மின்னழுத்தத்தை உண்டாக்குவதே இல்லை, சுடர் வழியே பாயும் மைக்ரோ ஆம்பியர் அளவு மின்சாரத்தைக் கொண்டு சுடர் இருப்பதை அறிகிறது. நுனியிலிருந்து தாமிரக் குழாய் புறப்பட்டு வால்வுக்குச் சென்றால் தெர்மோகப்பிள், ஒற்றைக் கம்பி புறப்பட்டு மின்பலகைக்குச் சென்றால் வேறு என்று எளிதில் பிரித்தறியலாம். எரியறை முழுவதும் மூடி முத்திரையிடப்பட்ட வாட்டர் ஹீட்டர்களில் தெர்மோகப்பிளோடு வெப்ப உருகியும் சேர்ந்திருக்கலாம், சில மாடல்களில் நட்டு இடப்புறமாகத் திரும்பும் மரையும் கொண்டிருக்கும். அவற்றுக்கு அசல் பாகத்தையே தேட வேண்டும்.

விளக்கத்தாளைப் பற்றி முன்பே குறை கூறினேன். எதைச் சேர்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். நல்ல சுடர், மஞ்சள் சுடர், சிறுத்த சுடர் ஆகியவற்றின் வண்ணப் படங்களும், மில்லிவோல்ட் அளவீட்டுக்கான நான்கு வரிகளும், கால் சுற்றுக்கு மேல் முறுக்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் இருந்திருந்தால், வாங்குகிறவர்களில் பலர் வீண் செலவிலிருந்து தப்பியிருப்பார்கள். இப்போதுள்ள தாளில் நட்டுகளின் அளவுப் பட்டியல் மட்டுமே பயனுள்ளது. அது துல்லியமாகவும் இருக்கிறது.

பழைய தெர்மோகப்பிளை அளந்து, அது வலுவிழந்திருப்பதை உறுதிசெய்துகொண்டவர்களுக்கும், அசல் பாகம் கிடைக்காத பழைய வாட்டர் ஹீட்டர், ஓவன், புகைபோக்கியுள்ள ரூம் ஹீட்டர் ஆகியவற்றை வைத்திருப்பவர்களுக்கும் இத்தொகுப்பைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். அசல் பாகம் கிடைக்கிறது என்றால் விலை சற்றுக் கூடினாலும் அதையே வாங்குங்கள். நுனியின் பிடிமானம் அதில் மேலானது. எரிவாயு வேலையைத் தகுதி பெற்றவர் மட்டுமே செய்ய வேண்டும் என்ற சட்டம் உள்ள இடங்களில் வசிப்பவர்கள் பாகத்தைத் தாங்களே பொருத்த முயல வேண்டாம். ஆனால் சுடரின் நிறத்தையும், அது எப்போது அணைகிறது என்பதையும் கவனித்து வந்து மெக்கானிக்கிடம் சொன்னால், அவர் எந்தப் பாகத்தோடு வர வேண்டும் என்பது முதல் அழைப்பிலேயே தெரிந்துவிடும்.